லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?

பட்டறைக்கு வருகிறவர் குறையைச் சொல்லும் விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். ‘வளைக்கும்போது கடகடன்னு சத்தம் வருதுங்க’ என்றால் டிரைவ் ஷாஃப்ட். ‘காலைல முதல் செல்ஃப்புல புடிக்க மாட்டேங்குது’ என்றால் பேட்டரியில் தொடங்கலாம். ‘மைலேஜ் குடுக்க மாட்டேங்குதுங்க’ என்று மட்டும் சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால், முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு யோசனை வந்துவிடும். அதில் சத்தம் கிடையாது, வாடை கிடையாது, தரையில் சொட்டி நிற்கும் ஆயில் கிடையாது. ஒரே ஒரு எண். அந்த எண்ணும் பல நேரம் அவர் அளந்ததாக இருக்காது. மச்சான் வண்டி குடுப்பதாக மச்சான் சொன்ன எண்ணாக இருக்கும்.

நான் தொழில் பழகியது கோயம்புத்தூரில், அம்பாசிடரும் பியட் பத்மினியும் மாருதி 800-ம் ஓடிய காலத்தில். அப்போது மைலேஜ் ஒரு இடத்தில் குடியிருந்தது. அந்த இடம் கார்பரேட்டர். வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து, இன்ஜினை அணைத்து, சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றச் சொல்வார் முதலாளி. துணியில் பிடித்து வெளிச்சத்தில் காட்ட வேண்டும். முனை அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. வெளுத்திருந்தால் காற்று கூடுதல், அப்படியே விட்டால் இன்ஜின் சூடாகும். பிஸ்கட் நிறத்தில், கொஞ்சம் செங்கல் சாயலோடு இருந்தால் ‘அப்படியே விட்டுர்றா’ என்பார். இல்லாவிட்டால் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, அரைக்கால் சுற்று வெளியே என்று திருப்பிக்கொண்டே இன்ஜின் ஓசையைக் கேட்பார். ஓசை ஏறி, சீராகி, மறுபடி தடுமாறத் தொடங்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துவார். பன்னிரண்டு குடுத்துக்கொண்டிருந்த வண்டி மறு வாரம் பதினாலு குடுக்கும். வண்டிக்காரர் ஒரு கிலோ நேந்திரம் சிப்ஸோடு வருவார்.

அந்தப் பெருமையில் வளர்ந்தவன் நான். மைலேஜ் என்றால் பானட்டுக்கு அடியில் இருக்கிற சமாச்சாரம், அதைக் கொண்டுவரும் கை மெக்கானிக்கின் கை. 2000 வாக்கில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. திருப்புவதற்கு ஸ்க்ரூ இல்லை. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், எரிந்து வந்த புகையைப் பார்த்துவிட்டு ‘கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு’ என்று ஒவ்வொரு நொடியும் அதற்குச் சேதி சொல்கிறது. என் முதலாளியின் காது செய்த வேலையை அந்தச் சென்சார் எடுத்துக்கொண்டது. அதை நான் ஏற்றுக்கொள்ளப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஏற்றுக்கொள்ள வைத்தவர் ஒரு வாத்தியார்.

சுந்தராபுரத்தில் வீடு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தினம் போக வர எழுபது கிலோமீட்டர் ஒரு பெட்ரோல் வேகன்-ஆரில் ஓட்டியவர். டைரியில் ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்டதும் எழுதி வைப்பார். லிட்டருக்குப் பத்தொன்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. 2012-ல் ஒரு நாள் வந்து, ‘தம்பி, பன்னெண்டுதான் குடுக்குது’ என்றார். டைரியைக் காட்டினார். நாலு மாதமாக அப்படித்தான்.

நான் பானட்டைத் திறந்தேன். பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், திராட்டில் பாடியைத் துடைத்தேன். பதின்மூன்றுகூட வரவில்லை. ஆக்ஸிஜன் சென்சார்மேல் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று போட்டேன், விலை கூடுதல். அதே பன்னிரண்டு. மூன்றாவது தடவை அவர் வந்தபோது கூடவே அவர் வீட்டம்மாவும் வந்திருந்தார். நான் இன்னும் என்ன கழற்றலாம் என்று நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்: ‘ஏனுங் தம்பி, இவரு ரிட்டையர் ஆனதுல இருந்து வண்டி எங்கயும் தூரமாவே போறதில்லைங். கோயிலுக்கு, காய்கறிக் கடைக்கு, பேத்திய ஸ்கூல்ல விட. அவ்வளவுதானுங்.’

எல்லாம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்.

ஒரே ஒரு தோசைக்காகக் கல்லைக் காய வைப்பது மாதிரி அது. கல் காய்வதற்குள் தோசை முடிந்துபோகிறது. இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கூடுதலாகத் தெளிக்கும். ஆயில் கெட்டியாக இருக்கும், கியர் பாக்ஸில் இருக்கிற ஆயிலும் அப்படியே. நாலைந்து கிலோமீட்டர் ஓடினால்தான் எல்லாம் ஒரு பதத்துக்கு வரும். வாத்தியாரின் வண்டி அந்தப் பதத்தைப் பார்க்காமலேயே ஒரு நாளைக்கு ஆறு தடவை கிளம்பி ஆறு தடவை அணைந்துகொண்டிருந்தது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மாறியது அவருடைய நாள். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். சென்சாருக்கு ஆன பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ‘புதுசு கெட்டுப்போச்சுன்னா போட்டுக்கலாம்’ என்று பழையதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனார்.

அன்றிலிருந்து மைலேஜ் குறை என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, ‘தினம் எங்கெங்கே போறீங்க?’ என்றுதான். அதற்கப்புறம், ‘எப்படி அளந்தீங்க?’

அளப்பதில்தான் பாதிக் குழப்பம். ஐநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, முள் மறுபடி அதே கோட்டுக்கு வரும்வரை ஓட்டிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அந்த முள்ளை நம்பி எதையும் சொல்ல முடியாது. டேங்க்கை நிரப்ப வேண்டும், பம்ப் தானாக ‘டக்’ என்று நிற்கிற வரைக்கும். அதற்கு மேல் ரவுண்டாக வரட்டும் என்று சொட்டுச் சொட்டாக விடக்கூடாது. டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், மறுபடி ‘டக்’ என்று நிற்கிற வரைக்கும் போட வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் எண். அதையும் மூன்று தடவை எடுத்துப் பார்த்தால்தான் நம்புவேன். டேஷ்போர்டு திரையில் காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். பங்க்கில் அளவு குறைகிறதோ என்று சந்தேகம் இருந்தால், முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் அங்கே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டால் பிடித்துக் காட்டுவார்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். விடிகாலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிற பேச்சில் பெரிதாகச் சாரம் இல்லை. பெட்ரோல் இருப்பது பூமிக்கு அடியில். அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு பெரிதாக மாறுவதில்லை.

இன்னொன்று. அழகுக்காகப் பெரிய டயர் மாட்டிக்கொண்டு வருவார்கள். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும், ஆனால் மீட்டர் பழைய டயர்க் கணக்கிலேயே எண்ணும். நூற்று நாலு கிலோமீட்டர் ஓடியிருக்கும், நூறு என்று காட்டும். கனத்த டயர் நிஜமாகவே கொஞ்சம் குடிக்கும், மீட்டர் இன்னும் கொஞ்சத்தை மறைக்கும். இரண்டும் சேர்ந்து ‘மைலேஜ் போச்சு’ என்று என் மேசைக்கு வரும்.

ஷோரூம் எண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ மாதிரியான சோதனைக் கூடங்களில் எடுக்கப்படுவது. வண்டி அங்கே ரோட்டில் ஓடுவதில்லை, உருளைகளின்மேல் நின்றபடி சக்கரத்தைச் சுற்றுகிறது. ஏசி போடுவதில்லை. வேகம் 90-ஐத் தாண்டுவதில்லை. எதிர்க்காற்று கிடையாது, மேடு கிடையாது, குறுக்கே வரும் ஆட்டுக்குட்டி கிடையாது. எல்லா வண்டிக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. இரண்டு வண்டிகளில் எது சிக்கனம் என்று பார்க்க அந்த எண் உதவும். சிங்காநல்லூர் சிக்னலில் உங்கள் வண்டி என்ன குடுக்கும் என்று அதைக் கேட்கக்கூடாது. அதைவிட நாலைந்து குறைந்தால் நான் பானட்டைத் தொடுவதே இல்லை.

கேள்விகள் முடிந்ததும் அவரையே வண்டியை எடுக்கச் சொல்லி இடது சீட்டில் உட்காருவேன். பத்து கிலோமீட்டர். பேச்சுக் கொடுத்துக்கொண்டே காலைப் பார்ப்பேன். இடது கால் கிளட்ச்மேல் ஓய்வெடுக்கிறதா? அப்படியானால் கிளட்ச் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கித் தேய்கிறது என்று அர்த்தம், இன்ஜின் சுற்றுகிற அளவுக்குச் சக்கரம் சுற்றாது. மூன்றாவது கியரிலேயே அறுபது வரை போகிறாரா? முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தபிறகும் ஆக்ஸிலேட்டரில் கால் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரியது என்பது என் தீர்மானம்.

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் ஒரு வாடிக்கையாளர் ஒரு தடவை என் பில் புக்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு டன் எடையுள்ள கார் அறுபது வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கிற ஓட்ட சக்தியை உண்டாக்க எவ்வளவு பெட்ரோல் எரித்திருப்போம் என்று. ஏறக்குறைய பதினைந்து மில்லி வந்தது. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் ஒன்றரை மூடி. அறுபதில் இருந்து பிரேக் அடித்து நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்றரை மூடியைப் பிரேக் தட்டில் ஊற்றிச் சூடாக்கிவிடுகிறோம். தூரத்தில் சிவப்பைப் பார்த்தவுடனே காலை எடுத்துவிட்டால் அதே சக்தி வண்டியை இருநூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போகும். நான் எத்தனையோ தடவை வாயால் சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. அந்த மூடிக் கணக்கைச் சொல்லத் தொடங்கியபிறகு கேட்கிறார்கள்.

அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். அடுத்த மாதமே ஒரு வாடிக்கையாளர் வந்து, ‘நீங்க போன சர்வீஸ்ல என்னமோ நல்லாப் பண்ணியிருக்கீங்கண்ணா, ரெண்டு கிலோமீட்டர் கூட வருது’ என்றார். நான் ஆயில் மட்டும்தான் மாற்றியிருந்தேன். அவர் ஆபீஸ் போகும் வழியில் சிக்னல்கள் போய்விட்டிருந்தன.

சும்மா நிற்பதும் கணக்கில் வரும். சின்னப் பெட்ரோல் கார் நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டருக்கு மேல் போகும், ஏசியும் சேர்ந்தால் ஒரு லிட்டரை நெருங்கும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காக ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் இருபது நிமிஷத்தை யாரும் ஓட்டமாக நினைப்பதில்லை. டேங்க்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இனி ஒரு நிஜக் கோளாறு. டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர், டீசல் டிசையர். இருபத்திரண்டு குடுத்தது பதினேழுக்கு இறங்கி ஆறு மாதம். மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார், மூன்று இடத்திலும் இன்ஜெக்டர் சுத்தம் செய்திருக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது தினம் இரண்டு லிட்டர் டீசல். வீட்டு வாடகை போல ஒரு தொகை மாதாமாதம் காணாமல் போகிறது.

எட்டு கிலோமீட்டர் ஓட்டிக் கொண்டுவரச் சொன்னேன். திரும்பும்போது முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் உருட்டிக்கொண்டு வந்து பட்டறைக்குள் நிறுத்தச் சொன்னேன். இறங்கி ஒவ்வொரு சக்கரமாகக் கிட்டே கையைக் கொண்டுபோனேன். பின்னால் இரண்டும் சாதாரணம். இடது முன்சக்கரம் இளஞ்சூடு. வலது முன்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே உள்ளங்கையில் அனல் அடித்தது. விரலைத் தண்ணீரில் நனைத்து ரிம்மின் இடுக்கு வழியாக டிஸ்க்மேல் தெறித்தேன். ‘சுர்’ என்றது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் இடது பக்கம் கையால் தள்ளியதும் மூன்று சுற்று போகிறது. வலது பக்கம் அரைச் சுற்றில் உரசி நிற்கிறது.

காலிப்பரைக் கழற்றினோம். அது முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின் இருக்கும், விரல் தடிமன்தான். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, மழைத் தண்ணீர் போய், ஒரு பின் துருவேறி இறுகிப்போயிருந்தது. பிரேக்கை விட்டாலும் பேடு டிஸ்க்கை விடவில்லை. துருவைத் தேய்த்து எடுத்து, அதற்கென்றே இருக்கும் சிலிக்கான் கிரீஸ் தடவி, புது ரப்பர் போட்டு மாட்டினோம். பேடு ஒரு பக்கம் மட்டும் தகடு வரைக்கும் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினோம். மறு வாரம் இருபத்தொன்று. அந்தத் தம்பி கேட்டதுதான் மனதில் நிற்கிறது: ‘அப்ப ஆறு மாசமா என் டீசல்ல பிரேக்கத்தான் காய வெச்சுட்டு இருந்தேனுங்களாண்ணா?’ ஆமாம் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. மூன்று பட்டறையிலும் யாரும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கவில்லை. வாத்தியார் வருவதற்கு முன்னால் என்றால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

டயர் காற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் பார்த்தால் மூன்று நாலு கூட்டிக் காட்டும், அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாகிவிடும். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு இருந்தால் மைலேஜில் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் டயர் இரண்டு ஓரமும் தேய்ந்து சீக்கிரம் போவது. நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டு நைட்ரஜன்தான். மாதம் இரண்டு தடவை சாதாரணக் காற்றை அளந்து வைத்தால் போதும்.

எங்கள் தொழில்காரர்களே செய்து வைத்த தீங்குகள் இரண்டு உண்டு. முதலாவது தெர்மோஸ்டாட். இன்ஜின் தண்ணீர் எண்பது டிகிரியைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து வைக்கும் சின்ன வால்வு அது. இன்ஜின் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக வைத்தது. பழைய வண்டிகளில் அது மூடியபடியே இறுகிப்போய் இன்ஜின் கொதித்துப்போகும். அதற்குப் பயந்து, ‘நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு’ என்று கழற்றி எறிந்துவிடுவோம். நானும் எத்தனையோ வண்டியில் எறிந்திருக்கிறேன், அதை ஒரு நல்ல காரியமாகவே நினைத்து. கம்ப்யூட்டர் வந்த வண்டியில் அதைக் கழற்றினால் இன்ஜின் பதத்துக்கு வருவதே இல்லை. மார்கழி மாதத்தில், பைபாஸில் எதிர்க்காற்று அடிக்க ஓடும்போது, தண்ணீர்ச் சூடு அறுபதைத் தாண்டாமல் கிடக்கும். கம்ப்யூட்டரோ இன்னும் ஆறிக் கிடக்கிறோம் என்று நினைத்துக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறைவதோடு ஆயிலில் பெட்ரோல் கலந்து இன்ஜினும் தேயும். வெப்பமுள் பாதிக்கு ஏறவே இல்லை என்று யாராவது சொன்னால், நான் இப்போது முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட் அதன் வீட்டில் இருக்கிறதா என்பதைத்தான்.

இரண்டாவது, ஆயில். இப்போது வரும் சின்னக் கார்களுக்குத் தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயிலைத்தான் கம்பெனி சொல்கிறது, ஜீரோ டபிள்யூ இருபது என்று. அதைப் பார்த்துப் பயந்து, ‘நம்ம சூட்டுக்கு இது தாங்காது’ என்று இருபது டபிள்யூ நாற்பது ஊற்றுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் அடங்கும், வண்டிக்காரருக்கும் சந்தோஷம். உள்ளே ஒவ்வொரு சுற்றும் கூழில் கரண்டியைக் கிண்டுவதுபோல் இழுக்கும். வண்டியோடு வரும் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணுக்கு மேல் நமக்குத் தெரியும் என்று நினைக்கக்கூடாது.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் காலம் மாறிவிட்டது. கார்பரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் நேராக மைலேஜில் தெரியும். இப்போது காற்று குறைந்தால் பெட்ரோலையும் கம்ப்யூட்டர் குறைத்துவிடுகிறது. மைலேஜ் அவ்வளவாகப் போகாது, இழுவைதான் போகும். மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதை மாற்றினால் மூன்று கிலோமீட்டர் கூடும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஏசியைப் பொறுத்தவரை, ஊருக்குள் நகரும்போது அதன் பங்கு பெரிதாகத் தெரியும், நெடுஞ்சாலையில் குறையும். வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் முதல் ஒரு நிமிஷம் கண்ணாடிகளை இறக்கி, உள்ளே வெந்துகொண்டிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு ஏசி போட்டால் அது அவ்வளவு பாடுபடாது. சபரிமலை சீசன் முடிந்து மூன்று மாதமாகியும் கூரையில் கேரியரோடு ஓடுகிற வண்டிகளைப் பார்த்தால் நான் நிறுத்திக் கழற்றச் சொல்வேன். காலியாக இருந்தாலும் அது காற்றை இழுத்துப் பிடிக்கும்.

காற்று என்றால் எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கோயம்புத்தூருக்கு மேற்கே மலைத்தொடர் விட்டுப்போன இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். வைகாசி, ஆனி தொடங்கி ஆடி ஆவணி வரைக்கும் அது வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். பாலக்காட்டுக்கு வாரம் மூன்று தடவை சரக்கு எடுத்துப்போகும் ஒருவர் டைரியோடு வந்தார். மற்ற மாதங்களில் போகும்போது நன்றாகக் குடுக்கிறது, வரும்போது குறைகிறது. ஆடி மாதம் மட்டும் தலைகீழ். வண்டியில் ஏதோ விட்டு விட்டு வரும் கோளாறு என்று நினைத்திருந்தார்.

கோயம்புத்தூர் கடல்மட்டத்துக்கு மேல் நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாலக்காடு நூறு மீட்டருக்கும் கீழே. வாளையாறு தாண்டிப் போகும் ஐம்பது சொச்சம் கிலோமீட்டரும் கண்ணுக்குத் தெரியாத இறக்கம். அதனால் போகும்போது கூடுதல், திரும்பும்போது ஏற்றம், குறைவு. ஆடியில் காற்று எதிரே வருகிறது. எழுபது வேகத்தில் ஓட்டுகிறார், காற்று இருபத்தைந்தில் எதிர்த்து அடிக்கிறது என்றால், வண்டியின் முகத்துக்கு அது தொண்ணூற்றைந்து. காற்றின் தடை வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய கணக்கில் ஏறும். எழுபதுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். இறக்கம் கொடுத்ததை எல்லாம் காற்று பிடுங்கிக்கொள்ளும், திரும்பும்போது முதுகைப் பிடித்துத் தள்ளிவிடும். அவருடைய டைரி ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆடி மாதம் போகும்போது மட்டும் ஐம்பத்தைந்தில் போகச் சொன்னேன்.

வேகத்துக்கும் இதே கணக்குத்தான். எண்பதில் போவதற்கும் நூறில் போவதற்கும் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45 முதல் 55 வரை என்று பல வருஷமாகச் சொல்லிவருவது இதை வைத்துத்தான். பைபாஸில் ஐம்பதில் போனால் பின்னால் வரும் லாரிக்காரர் விட மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். எழுபத்தைந்தில் நிலையாகப் போனாலே பெரிய மிச்சம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊட்டியில் இருந்து இறங்கும்போது நியூட்ரலில் போட்டு, சிலர் இன்ஜினையே அணைத்து, உருட்டிக்கொண்டு வருகிறார்கள், பெட்ரோல் மிச்சம் என்று. கார்பரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஆபத்து அன்றைக்கும் இருந்தது. இன்ஜெக்டர் வண்டியில் அந்த மிச்சமும் இல்லை. கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது என்று தெரிந்து கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடும். ஸ்கேனரை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கியரில், வளைவுக்கு வளைவு, இன்ஜெக்டர் திறக்கும் நேரம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்றே காட்டியது. நியூட்ரலுக்குத் தள்ளிய அடுத்த நொடி எண் ஏறியது, ஏனென்றால் இன்ஜின் அணையாமல் இருக்க இப்போது அது பெட்ரோல் தெளித்தாக வேண்டும்.

இன்ஜினை அணைத்தாலோ, பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்கம் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துபோகும். அதற்கப்புறம் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். குன்னூரில் இருந்து கல்லாறு வரை பதினாலு கொண்டை ஊசி வளைவு. பர்லியார் பக்கம் ஒரு தடவை சுற்றுலா வண்டி ஒன்று ஓரமாக நின்றது, முன்சக்கரம் இரண்டிலும் புகை. உள்ளே குழந்தைகள் ஐந்து பேர். டிரைவர் என்னைவிட மூத்தவர், கை நடுங்கிக்கொண்டிருந்தது. நியூட்ரலில் இறக்கினாராம். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரில் போட்டு நானே முன்னால் வழிகாட்டி இறக்கினேன். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அதில் இன்று பெட்ரோல் மிச்சமும் சேர்ந்திருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்ல முடியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

சமீபமாக ‘ஒண்ணுமே பண்ணலைங்க, தானாவே ஒரு கிலோமீட்டர் குறைஞ்சுபோச்சு’ என்று நிறையப் பேர் வருகிறார்கள். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. கலவையில் கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு குறைகிறது. பதினெட்டு குடுத்தது பதினேழுக்கு வந்தால் வண்டிமேல் பழி போட வேண்டாம். அதைச் சரிசெய்து தருகிறேன் என்று பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டுகிறவர்களிடமும் மாத்திரை விற்கிறவர்களிடமும் பணம் கொடுக்க வேண்டாம். 1996-ல் மூலிகைப் பெட்ரோல் என்று நாடே பரபரத்தபோது நானும் நம்பிக் காத்திருந்தவன். மைலேஜைக் கூட்டும் கருவி ஒன்று நிஜமாகவே வந்தால் அது முதலில் கார் கம்பெனியின் தொழிற்சாலையில்தான் மாட்டப்பட்டிருக்கும்.

வாத்தியார் இப்போதும் வருகிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அதே வேகன்-ஆர். கடைக்கு நடந்தே போகிறார். பேத்தி காலேஜுக்குப் பஸ்ஸில் போகிறாள். வாரத்தில் ஒரு நாள் வண்டியை எடுத்துப் போகவேண்டிய இடம் எல்லாவற்றுக்கும் ஒரே சுற்றாகப் போய் வருகிறார், தூரமான இடத்துக்கு முதலில். டைரி தொடர்கிறது. போன பங்குனியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தது. பழனிக்குப் போய்விட்டு, கிளம்பும்போது போட்ட அதே பங்க்கில் மறுபடி போட்டுக்கொண்டு நிற்கிறாராம். பின்னால் பம்ப்பின் சத்தம் கேட்டது. ‘இரு தம்பி, இன்னும் நிக்கல’ என்றார். இருவரும் பேசாமல் இருந்தோம். ‘டக்’ என்ற சத்தம் போனிலேயே கேட்டது. பேனாவைத் தேடினார், வகுத்தார், ஒரு தடவை சரிபார்த்தார்.

‘பத்தொன்பது புள்ளி மூணு’ என்றார்.